இரண்டு தட்டு, ஐந்து எண்ணிக்கை

குசகா பானெட்டை இரண்டு முறை தட்டினார். உள்ளேயிருந்து யாரோ இரண்டு முறை திருப்பித் தட்டினார்கள்.

ஜனவரியில், பனி கொட்டும் ஷிபுகாவா ஊரில் காரைக் கிளப்புமுன் எல்லோரும் தட்டுவதுதான். ராத்திரி சூடு மிச்சமிருக்கும் எஞ்சினுக்குள் தெருப்பூனைகள் ஏறிச் சுருண்டுகொள்ளும். தட்டாமல் சாவியைத் திருப்பினால் அப்புறம் நடப்பதைக் குழந்தைகளிடம் சொல்ல முடியாது. இரண்டு தட்டு. அது இறங்கிப் போக அவகாசமாக ஐந்து வரை எண்ணுதல். பிறகு சாவி. ஊறுகாய்க் கம்பெனியில் பிரிவுத் தலைவரான குசகா, இதையும் பிரிவுத் தலைவருக்குரிய தோரணையோடு தொண்டையைச் செருமிக்கொண்டுதான் செய்வார்.

பானெட்டைத் திறந்தார். பூனை இல்லை. பழைய எண்ணெய் வாசனைக்கு அடியில், நனைந்த கம்பளியும் தூங்கி எழுந்த வாயும் கலந்தாற்போல வேறொரு வாசனை எழுந்து வந்து அவர் முகத்தில் தங்கியது. எஞ்சின் மேல் கை வைத்தார். மூன்று நாளாகக் கார் நகரவே இல்லை. எஞ்சின் மட்டும் உடம்புச் சூட்டில் இருந்தது.

"குளிர்ல எதுவும் எங்க சூடு இருக்கோ அங்க போய் ஒண்டிக்கும்," என்றாள் மனைவி சதாயே. கொதாத்சுவில், அந்தக் குட்டை மேசையைச் சுற்றித் தொங்கும் கனத்த போர்வைக்குள், ஹீட்டருக்குக் கீழே கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "நானே இதை விட்டு எந்திரிக்கிறதில்ல. பூனையைச் சொல்லுவானேன்?"

மறுநாளும் பதில் வந்தது. அதற்கு மறுநாள், அவர் தட்டுவதற்கு முன்பே வந்தது.

அந்த வெள்ளைக் காருக்கு இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் சீறிப் பாயும் சங்கம் ஒன்று உண்டு. குசகாவையும் சேர்த்து உறுப்பினர் நால்வர், அதில் இருவர் மூலத்துக்கான பிரத்தியேக மெத்தையோடு சீறுபவர்கள். இருக்கிற எஞ்சினுக்கு டர்போ போடுவதா, எஞ்சினையே மாற்றுவதா என்று அங்கே இரண்டு வருடமாக விவாதம். குசகா டர்போ கட்சித் தலைவர். "எஞ்சினை மாத்துறவன் பொண்டாட்டியையும் மாத்துவான்!" என்று புத்தாண்டு விருந்தில் மேசையைக் குத்தி முழங்கினார். "பேசிட்டே இருக்காரு, மாத்தக் காணோம்," என்றாள் சதாயே. கைத்தட்டல் அவளுக்குத்தான் கிடைத்தது.

அந்தச் சதாயேதான் அந்தக் காரில் காய்கறி வாங்கப் போகிறவள். பனி விழும் காலையில், வெறுங்கையால் அந்தப் பானெட்டைத் தட்டுகிறவள். குசகாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

வியாழக்கிழமை காரைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். அன்று அவர் தட்டவில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயம். சாவியைத் திருப்பினார். உள்ளே மெத்தென்ற ஏதோ ஒன்று இழுபட்டு, மடங்கி, ஓய்ந்தது. வழியெல்லாம் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

"டர்போ சாமான் வந்தாச்சு, குசகா சான்," என்றார் சங்கத்து நால்வரில் ஒருவரான பட்டறைக்காரர் இவாதாரே. "சாயங்காலமே மாட்ட ஆரம்பிச்சிடலாம்."

"அது... உள்ளுக்குள்ள என்ன பண்ணும்?"

"ரெண்டு வருஷமா எங்க காதைத் தின்னுட்டு இப்பக் கேக்குறீங்களா? வெளிய போற புகையாலயே ஒரு விசிறியைச் சுத்த வெச்சு, காத்தை அழுத்தி உள்ள திணிக்கும். இப்ப முனகிட்டிருக்கு. அப்புறம் பாருங்க, வாயத் தொறந்து கத்தும்."

குசகா பானெட்டைப் பார்த்தார்.

"எஞ்சினை மாத்திடுங்க."

"பொண்டாட்டி கதை என்னாச்சு?"

"கொள்கை அளவில் மறுபரிசீலனை செஞ்சேன்."

"சரிதான். பயம்னு எங்க ஊர்ல சொல்லுவோம்."

டர்போ போட்டால் உள்ளே இருப்பதற்கு மூச்சு கொடுத்ததாகிவிடும். மாற்றினால் அது இந்தக் கொட்டகையோடு போயிற்று. வீட்டுப் பக்கம் வராது. தனக்கு இவ்வளவு தெளிவாக யோசிக்க வரும் என்று குசகாவே எதிர்பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துப் போனபோது, பழைய எஞ்சின் மூலையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கொட்டகைத் தரையெல்லாம் பனி உறைந்திருந்தது; அதைச் சுற்றி மட்டும் ஒரு முழத்துக்கு ஈரமின்றிக் காய்ந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. புது எஞ்சின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். ஐந்து எண்ணினார். பதில் இல்லை. கேட்டைத் தாண்டும்போது தேர்தலில் ஜெயித்தவர் போல ஹாரன் அடித்தார்.

மாலை ஐந்தரை. வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அடுக்களையில் சதாயே மீன் பொரிக்கும் சீற்றம், சோயா கருகும் வாசனை, கொதாத்சுவுக்கு அடியில் ஹீட்டர் விசிறியின் சீரான முணுமுணுப்பு. குசகா கால்களை நீட்டிக்கொண்டு ஒரு ஆரஞ்சை எடுத்தபோது போன் அடித்தது.

"ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன்," என்றார் இவாதாரே. "உங்க பழைய எஞ்சின் இறக்கினதுலேர்ந்து வெதுவெதுன்னே இருந்துச்சு. பத்து நாளும் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அது மேலதான் சூடு பண்ணிக்கிட்டேன்னா பாருங்க. இப்ப ஐஸ் மாதிரி கிடக்கு."

"எப்பலேர்ந்து?"

"நீங்க ஹாரன் அடிச்சீங்களே, அப்பலேர்ந்து. தார்ப்பாய் வேற விலகிக் கிடக்கு. அப்புறம்... பெல்ட்டுல ஏதோ முடி சுத்திக்கிட்டிருக்கு, குசகா சான். பூனை முடி இல்ல. ரொம்ப நீளமா இருக்கு."

மீன் வாசனைக்கு அடியில் நனைந்த கம்பளி. தூங்கி எழுந்த வாய்.

மேசைக்கு எதிர்ப்பக்கம், போர்வை புடைத்திருந்தது.

டொக். டொக்.

"என்னங்க, மேசையை ஏன் தட்டுறீங்க? பசிச்சா வாயத் தொறந்து கேளுங்களேன்!"

ஒரு கையில் போன். மறு கையில் ஆரஞ்சு. அவர் தட்டவில்லை.

கிளப்பப் போகிறவர்கள்தான் தட்டுவார்கள். உள்ளே இருப்பது இறங்கிப் போகட்டும் என்று. அந்த வியாழக்கிழமை அவர் அந்த மரியாதையைச் செய்யவில்லை. இப்போது அது செய்துவிட்டது.

கால்களை இழுத்தார். கணுக்காலை ஏதோ சுற்றியிருந்தது. மெதுவாக. வெதுவெதுப்பாக.

ஒன்று.

விசிறியின் முணுமுணுப்பு மேலே ஏறியது.

இரண்டு. வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

மூன்று. இன்னும் மேலே. ஊளை போல.

நான்கு. சதாயே கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், போர்வையைத் தூக்கிக் கால்களை உள்ளே நீட்டினாள்.

"அப்பாடி," என்றாள். "என்ன சுகமான சூடு."

ஐந்து.