சாத்தாத கதவு

ஸ்கால்னிட்சா ஊருக்கு இரண்டு கோட்டைகள். ஆற்றங்கரையில் இருந்த புதுக் கோட்டை பிரபு குடும்பத்துக்கு. குன்றின் உச்சியில் இருந்த பழைய கோட்டை ஆபத்து வந்தால் ஊராருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபத்து வந்துவிட்டது. பூசை பாதியில் நிற்க, எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது.

"ஸ்வீடன்காரங்க வர்றாங்க! குன்றுக்கு ஓடுங்க!"

பிரபு போன வாரமே குடும்பத்தோடு வியன்னாவுக்குப் போயிருந்தார். ஊரார் தேவாலயத்திலிருந்து அப்படியே ஓடினார்கள். ஒருவர் கையிலும் ஒரு மூட்டை இல்லை. தேவாலயப் பணியாளர் புரோகோப் மட்டும் மெழுகுவத்தி அணைக்கும் நீளக் கோலைக் கீழே போடாமல் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

"அத வச்சு பீரங்கிய அணைக்கப் போறீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். அந்தப் பயத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

ரோசினாவும் சிரித்தாள். அவளுக்குப் பதினோரு வயது. கோட்டை முற்றத்தில் நின்று தெரிந்த முகங்களைத் தேடினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். செருப்புத் தைப்பவர் இருந்தார். தோழி மிரில் எங்கே?

மிரிலின் வீடு யூதர் தெருவில் இருந்தது.

ஞாயிறு பூசை முடியும் வரை யூதர்கள் வாழும் அந்தத் தெருவின் வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டி வைப்பது ஊர் வழக்கம். பூட்டுவதும் திறப்பதும் ரோசினாவின் அப்பா மட்டூஷின் வேலை. இன்று பூசை முடியவே இல்லை.

அவள் மதில்மேல் ஏறினாள். அப்பா பீரங்கிக்குள் வெடிமருந்தை இடித்துத் திணித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! யூதர் தெருக் கதவு!"

மட்டூஷின் கை நின்றது. இடுப்பைத் தடவினார். சாவி அங்கேதான் தொங்கியது.

"ஐயோ... மறந்தே போயிட்டேனே!"

அவர் படியை நோக்கித் திரும்பியதும் கோட்டைத் தலைவர் ஹைனெக் குறுக்கே நின்றார்.

"எங்க போற? இந்த பீரங்கிய சுடத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். உன்னை விட முடியாது. கோட்டைக் கதவையும் இனி திறக்க முடியாது."

"உள்ள குழந்தைங்கல்லாம் இருக்காங்கய்யா."

"எனக்கும் தெரியுது. இங்க இருக்குற குழந்தைங்கள யார் பாக்குறது? இது போர், மட்டூஷ். என்ன பண்றது?"

ரோசினா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தப் பூட்டு ஸ்வீடன்காரங்க போட்டதா?"

"என்னது?"

"நாமதானே போட்டோம்? நாம போட்ட பூட்டை நாமதானே திறக்கணும்?"

ஹைனெக் தூரத்துச் சாலையில் எழுந்த புழுதியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"யார் போவா?"

"நான் போறேன். திராட்சைத் தோட்டத்து வழியா குறுக்குப் பாதை இருக்கு."

"தனியாவா?" என்றார் மட்டூஷ், இடுப்புச் சாவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தபடி.

"நான் கூடப் போறேன்" என்றார் புரோகோப், கோலை உயர்த்திக்கொண்டு. "ஆயுதம்கூட வச்சிருக்கேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"பக்கவாட்டுச் சின்னக் கதவைத் திறந்து வைக்கிறேன்" என்றார் ஹைனெக். "ஸ்வீடன்காரங்க ஆத்துப் பாலத்துக்கு வந்துட்டா சாத்திடுவேன். என்னைத் திட்டாதீங்க."

இருவரும் கொடிகளுக்கு நடுவே சறுக்கிச் சறுக்கி இறங்கினார்கள். ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. யூதர் தெருவை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. உள்ளிருந்து கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாவி கனமாக இருந்தது. ரோசினா இரண்டு கையாலும் திருகினாள். கதவு திறந்தது.

முன்னால் மிரில் நின்றாள். கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

"எங்கள வேணும்னே விட்டுட்டீங்கன்னு அப்பா சொன்னார்."

பொய் சொல்ல ரோசினாவுக்கு மனம் வரவில்லை.

"வேணும்னு இல்ல, மிரில். மறந்துட்டோம்."

மிரில் அவளையே பார்த்தாள். "அது மட்டும் நல்லதா?"

"இல்ல" என்றாள் ரோசினா. "வா. சீக்கிரம்."

தெரு முழுவதும் குன்றேறியது. நடக்க முடியாத கிழவர் ஒருவரைப் புரோகோப் முதுகில் சுமந்தார். ரோசினா ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பாதி வழியில் மேலே பீரங்கி முழங்கியது. அப்பாதான் சுடுகிறார், படையைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்தி வைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

சின்னக் கதவு திறந்தே இருந்தது. மிரிலின் அப்பா வாசலிலேயே தயங்கினார்.

"நாங்க எங்க நிக்கிறது?"

"எங்க இடம் இருக்கோ அங்க" என்றார் ஹைனெக். முற்றத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "நகருங்கப்பா! கொஞ்சம் நெருக்கி உக்காருங்க!"

முணுமுணுப்பு கேட்டது. ஆனால் நகர்ந்தார்கள்.

கீழே ஆற்றங்கரைக் கோட்டையிலிருந்து புகை எழும்பியது. சற்று நேரத்தில் யூதர் தெருவிலிருந்தும் எழும்பியது. மிரில் மதிலோரம் நின்று பார்த்தாள். ரோசினா பக்கத்தில் போய் நின்றாள். தோலுரிந்த கையைப் பிடிக்க முடியாததால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மிரில் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏ பொண்ணு!"

கூப்பிட்டது ஹைனெக். அவர் இன்னும் சின்னக் கதவில் கைவைத்தபடியே நின்றிருந்தார்.

"கதவைச் சாத்தலாமா?"

ரோசினா பாதையை எட்டிப் பார்த்தாள். முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். மிரிலைப் பார்த்தாள். மிரில் மெல்லத் தலையசைத்தாள்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றாள் ரோசினா. "இப்ப சாத்துங்க."