உப்பு வெள்ளையாக வந்தது

நஜியா கடைக்கு வந்தபோது நான் எங்கள் தபர்கா ஊரின் துறைமுகக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காற்று பட்டால் மெருகு மங்கிப்போகும், எல்லாவற்றையும் மறுபடி தேய்த்துத் தொலைக்க வேண்டும். புகையிலை பிடிக்கும் பழைய சுங்கான்களை வாங்கி, முன்பு புகைத்தவனின் ருசியைப் போக்கி விற்பதுதான் என் பிழைப்பு.

துணியில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"சாதோக்கோடது. சுத்தம் பண்ணி நீங்களே பிடிங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஆளு ருசி இதுல இருக்கக் கூடாது."

சாதோக் அவள் புருஷன். பவளம் எடுக்கக் கடலில் முங்கியவன் மேலே வரவில்லை. படகில் இந்தச் சுங்கான் மட்டும் கிடந்தது. அவன் இறந்துவிட்டதாகக் கோர்ட்டும் சொல்லிவிட்டது. எத்தனையோ வருஷம் நான் கெஞ்சியபிறகு, வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எனக்கும் அவளுக்கும் பாத்திஹா ஓதிக் கல்யாணம் முடிக்க இப்போதுதான் சம்மதித்திருந்தாள். ஐம்பது வயதில் மாப்பிள்ளையாகப் போகிற சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தூக்கிக் கடல்ல போட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"போட்டேன். மனசு கேக்காம முட்டியளவு தண்ணில இறங்கித் தேடி எடுத்துட்டு வந்தேன். நீர்க்காக்கான்னுதான் கூப்பிடுவேன் அவனை. எப்பப் பாரு தண்ணிக்குள்ளயே கெடப்பான். ருசி போயிட்டா இது வெறும் கட்டைதான?"

"போகலைன்னா கல்யாணம் கிடையாதாக்கும்?"

"கிடையாது," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

வாய்முனையின் இடதுபக்கத்தில் பல் பதிந்த பள்ளம் ஆழமாக இருந்தது. நான் வலதுபக்கம் கடிப்பவன். என் இடதுபக்கக் கடைவாயில் பல்லே கிடையாது, எல்லாவற்றையும் எப்போதோ பிடுங்கியாகிவிட்டது. அதனால் மெல்லிய உப்புத்தாளால் அந்தப் பள்ளத்தைத் தேய்த்துச் சமமாக்கினேன். உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டினேன். சுங்கானின் கிண்ணம் நிறையக் கல்லுப்பைப் போட்டு, புக்கா என்கிற அத்திச் சாராயத்தை ஊற்றி வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் உப்பு பழைய புகையிலைச் சாற்றையெல்லாம் உறிஞ்சி, கட்டித் தேநீர் நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

மறுநாள் பார்த்தேன். உப்பு வெள்ளையாக இருந்தது.

புகையிலை திணித்துப் பற்றவைத்தேன். வாய்க்குள் வந்தது புகைதான். ஆனால் குளிர்ந்திருந்தது. கடற்பாசியும் ஈர இரும்பும் கலந்த ஒரு ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. துப்பினேன், வாய் கொப்பளித்தேன். சனியன், போகவில்லை.

வாய்முனையைத் திருப்பிப் பார்த்தேன்.

இடதுபக்கம் பள்ளம் திரும்ப வந்திருந்தது.

சுங்கானை விட்டெறியத் தோன்றியது. ஆனாலும் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்ததே! மறுபடி தேய்த்தேன், மறுபடி உப்பும் சாராயமும் நிரப்பினேன். சாராயம் ஆவியாகிப் போகும், உப்பு காயும், அதுதான் வழக்கம். இந்த முறை கிண்ணம் விளிம்புவரை தண்ணீர் தளும்பியது. உப்பைத் தட்டில் கொட்டி ஜன்னலில் வெயிலுக்கு வைத்துவிட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவே இல்லை. பனிக்கட்டி வெள்ளை.

வியாழக்கிழமை மதியம் சுங்கானைப் பற்றவைத்தேன். சுத்தம்! நல்ல புகையிலை மணம் தவிர வேறொன்றும் இல்லை. பள்ளமும் வரவில்லை. கடைக்குள் தனியாக நின்று ஒரு ஆட்டம்கூடப் போட்டேன்.

அந்தத் தட்டை நான் மறந்தே போனேன்.

வெள்ளிக்கிழமை என் அக்கா தூஜா களவா மீன் போட்டுக் கோதுமைக் குருணையில் கூஸ்கூஸ் சமைத்திருந்தாள். மூன்று பேரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். பசியில் நான் நாலைந்து வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். நஜியா ஒரு வாய் எடுத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னடி, உப்பு கூடிருச்சா?" என்றாள் அக்கா.

"இல்ல அக்கா. அளவா இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மென்றாள். அவள் முகம் இளகியது. நான் பார்த்தேயிராத முகம் அது. அப்போது அவள் கிசுகிசுத்தது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இது அவன் வாய். கடல்லேருந்து மேல வந்ததும் முத்தம் குடுப்பானே, அந்த ருசி."

"அக்கா," என்றேன். "உப்பு எங்க எடுத்த?"

"உன் கடை ஜன்னல்லதான்டா. பளிச்சுனு காஞ்சு கெடந்துச்சு, வீணாக்குவானேன்னு டப்பால போட்டு வெச்சேன். ஏன் இப்படி முழிக்கிற?"

நஜியா எழுந்து கைகழுவிக்கொண்டாள். "பாத்திஹா வேணாம். புருஷன் இருக்கும்போது இன்னொருத்தரை எப்படிக் கட்டிக்கிறது?" அந்த டப்பாவைக் கேட்டு வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். நான் வாசலில் நின்று அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு எதைத் தின்றாலும் ஒரே ருசி. பாசி. ஈர இரும்பு.

நேற்று மாலை நஜியா கடைக்கு வந்தாள். கையில் காலி டப்பா.

"தீந்துபோச்சு," என்றாள். என் முன்னால் வந்து நின்று என் வாயையே பார்த்தாள். "கொஞ்சம் பேசுங்க. எதையாவது பேசுங்க."

உதட்டிலிருந்த சுங்கானை எடுத்து மேசையில் வைத்தேன். அது சாதோக்குடையது அல்ல. என் சொந்தச் சுங்கான், கட்டையிலிருந்து நானே செதுக்கியது, என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

அவள் அதன் வாய்முனையில் விரலை வைத்தாள்.

இடதுபக்கம்.

ஆழமான பள்ளம்.

என் நாக்கு தானாகவே இடது கடைவாய்க்குப் போனது. வெறும் ஈறுதான் இருந்தது.

நஜியா சிரித்தாள். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"வா நீர்க்காக்கா," என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

"வர்றேன்," என்றது என் வாய்.

நான் சொல்லவில்லை.