மூன்றாவது முடிச்சு

கதிரவனின் வலது விலாவுக்குக் கீழே காது வைத்துக் கேட்டபோது, அந்தத் துடிப்பு அவன் நாடியோடு சேரவில்லை. மாலதி அவன் மணிக்கட்டை மறுபடி பிடித்துப் பார்த்தாள். கையில் மெதுவாக நடந்தது. உள்ளே ஓடியது.

"பிரியா மாடி ஏறுறா போல," என்றான் அவன், தழும்பைத் தடவிக்கொண்டே.

சற்று நேரத்தில் கடலூரிலிருந்து போன். அவன் தங்கை சத்யப்பிரியாவுக்கு மூச்சு வாங்கியது. "மழ வருதுண்ணே, துணி எடுக்க மொட்ட மாடிக்கு ஓடியாந்தேன். மாத்திர போட்டியா?"

தன் கல்லீரலில் பாதியை அவனுக்குக் கொடுத்தவள் அவள். மாலதியும்தான் முன்வந்தாள். ரத்த வகை சேரவில்லை. தாலியிலும் முதல் முடிச்சு மட்டுமே அவன் போட்டது. மற்ற இரண்டும் நாத்தனார் போட்டவை. மூன்றாவதை இழுக்கும்போது பிரியா காதோரம் கேட்டாள்: "இறுக்கமா இருக்கா அண்ணி?"

அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில், மருந்து வாடையும் புழுங்கிய போர்வை வாடையும் கலந்த நீண்ட மதியங்களில், மின்விசிறியின் கிறீச்சொலிக்கு அடியில் அந்த ஓட்டத்தையே மாலதி கேட்டுக்கொண்டிருந்தாள். மீன் வாடையே ஆகாதவன் இப்போது நெத்திலி கேட்டான்.

"எனக்கில்ல மாலு, அவளுக்குக் கேக்குது," என்று சிரித்தான்.

ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாய், தையல் போட்ட இடத்தில் அடைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு மாத்திரை, ஒருநாளும் விடக் கூடாது என்றிருந்தார் டாக்டர். மாலதி அதைக் கைகழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரையை அவனிடம் நீட்டினாள். துடிப்பு கொஞ்சம் தணிந்தால் போதும். அவ்வளவுதான்.

மறுநாளும். அதற்கு மறுநாளும்.

துடிப்பு மெலிந்தது. தயங்கியது. விட்டு விட்டு வந்தது.

ஒரு மதியம் கரண்ட் போனது. விசிறி நின்றது. அவன் உடம்பு கொதித்தது. பாதி மூடிய கண்களில் மஞ்சள்.

"மாமா."

காது வைத்தாள்.

எதுவும் இல்லை.

கடலூருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்போது கேட்டது. அதே ஓட்டம். அவனிடமிருந்து இல்லை.

அவள் பிடரியில்.

கையைப் பின்னால் கொண்டுபோனாள். முதல் முடிச்சு சும்மா இருந்தது. மற்ற இரண்டும் துடித்தன. சூடாக.

கயிறு மெல்ல ஏறியது. கழுத்தில் பதிந்தது. கதிரவனின் இரண்டு கைகளும் போர்வைமேல் அசையாமல் கிடந்தன. உதடுகள் மட்டும் திறந்தன.

"இறுக்கமா இருக்கா அண்ணி?"