டீ இல்லாத பிளாஸ்க்

காலை ஒன்பது மணிக்கு அலங்கார மீன் கடையின் ஷட்டரைத் தூக்கிய முதலாளி அப்படியே உறைந்து நின்றுவிட்டார். பெரிய தொட்டியில் மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. கடல்நீர்த் தொட்டி. பவளங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. கண்ணாடியில் கை வைத்தவர் சூடு தாங்காமல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

பத்து மணிக்குள் மெக்கானிக்கை வரவழைத்து உள்ளே விட்டு, ஷட்டரை உள்பக்கமாக இழுத்துப் பூட்டியாயிற்று. முந்தின நாள்தான் அவன் கன்ட்ரோலர் பெட்டி மாட்டியிருந்தான். தண்ணீரில் கிடக்கும் சென்சார் சூட்டைச் சொல்லும். குளிர்ந்தால் பெட்டி ஹீட்டரைப் போடும், சூடேறினால் அணைக்கும்.

"உப்புப் போட்டுத்தானே சோறு திங்குற? சொரணை இருக்கா?" என்று முதலாளி கத்தியது மெக்கானிக்கின் காதில் இன்னும் கிடந்தது. ஜன்னல் இல்லாத அறை, செத்த மீன் வாடை, ஏசி ஓடியும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. இந்தப் பேர் வெளியே போனால் இனி எந்தக் கடைக்காரனும் தன்னை வாசல்படி ஏற்றமாட்டான் என்று பயந்தான்.

முதலாளி ஷட்டரைப் பாதி உயர்த்தினார். அவர் புகார் கொடுத்து வரவழைத்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மா குனிந்து உள்ளே வந்து, பெட்டியின் பதிவைக் காட்டும் கம்ப்யூட்டரை நேரே பார்த்தார். பின்னாலேயே ஷட்டர் மறுபடி இறங்கிப் பூட்டப்பட்டது.

"இணைப்பு இல்லைன்னு காட்டுதே?"

"நேத்து நல்லா இருந்துச்சு மேடம்."

"இவன் மாட்டின லட்சணம்" என்றார் முதலாளி.

மூலையில் நின்றிருந்தார் அவருடைய மைத்துனர். கடை திறந்த நாள் முதல் தொட்டிகளைக் கவனித்தவர் அவர்தான். கையில் வழக்கம்போல டீ பிளாஸ்க்.

"நேத்து யார் பூட்டுனது?"

"நான்தான்" என்றார் மைத்துனர். "இன்னைக்கும் மாமாகூடத்தான் வந்தேன். சென்சார் வெளிய காத்துல தொங்கிட்டு இருந்துச்சு. நான்தான் எடுத்துத் தண்ணியில போட்டேன்."

மெக்கானிக் மேஜைக்கு அடியில் புகுந்து வயரைத் தடவினான். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயர் பாதி கழன்றிருந்தது. அழுத்திச் சொருகினான். திரை உயிர் பெற்றது.

"வயர் கழண்டா பதிவெல்லாம் அழிஞ்சிருக்குமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அழியாது மேடம். பெட்டி தனியா ஞாபகம் வெச்சிருக்கும்."

மைத்துனர் பிளாஸ்க்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

திரையில் சென்சார் அளந்த சூடு கோடாக ஓடியது. ராத்திரி முழுக்க ஏறி ஏறி இறங்காமல், ஒரே சீராக மெல்லச் சரிந்திருந்தது. ஹீட்டரோ ஒரு நிமிஷம்கூட அணையவில்லை.

"இந்த ஏசி ராத்திரி பூரா நின்னு நின்னு ஓடுது. சென்சார் காத்துல தொங்கியிருந்தா?"

"கோடு ரம்பப் பல்லு மாதிரி இருக்கும் மேடம்."

"அப்ப சீக்கிரம் ஆறாத எதுக்குள்ளயோ இருந்திருக்கு." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ஒரு வாய் டீ கிடைக்குமா?"

"இன்னைக்கு டீ போடலைங்க" என்று தடுமாறினார் மைத்துனர்.

"அப்ப வெறும் பிளாஸ்க்கை எதுக்குத் தூக்கிட்டு அலையிறீங்க?"

இன்ஸ்பெக்டர் அதை வாங்கித் திறந்து, மிச்சமிருந்த சொட்டுகளை உள்ளங்கையில் கவிழ்த்து, நாக்கில் வைத்தார்.

"டீக்கு உப்புப் போடுற ஆளை இப்பதான் பாக்குறேன். தொட்டித் தண்ணியவே மொண்டு, சென்சாரை இதுக்குள்ள போட்டீங்க. அது கொஞ்சம் ஆறினதும் தொட்டிதான் குளிர்ந்துடுச்சுன்னு நினைச்சுப் பெட்டி விடிய விடிய ஹீட்டரைப் போட்டிருக்கு. நீங்கதான் கொன்னது. பதிவு அழியட்டும்னு வயரையும் இழுத்து விட்டீங்க. காலையில உங்க மாமா தலையில கை வெச்சு உக்காந்தப்ப பிளாஸ்க்கை எடுத்துக்கிட்டீங்க. எப்பவும் உங்க கையில இருக்கிறதை யார் கவனிப்பா?"

மைத்துனர் உடைந்து அழுதார். "இனிமே பெட்டியே பாத்துக்கும், நீ கல்லாவுல உக்காருன்னு இந்த மெக்கானிக் எதிர்லயே சொன்னீங்களே மாமா. ரெண்டு மீன் செத்தா பெட்டியைக் கழட்டிடுவீங்கன்னு நினைச்சேன். எல்லாம் நான் வளத்த மீனுங்க."

"உப்புப் போட்டு..." என்று ஆரம்பித்த முதலாளி பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமல் ஷட்டர் சாவியை நீட்டினார்.

மெக்கானிக் வாங்கிக்கொண்டான். பூட்டைத் தானே திறந்து, ஷட்டரைத் தானே தூக்கி, வெளியே போனான்.