டிக் எடுத்த மத்தியானம்

“பக்கத்து ரூம்ல இருந்தாலும் நான் கூப்பிட்டா உனக்குக் கேக்கும்ல?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள், நோயில் குரல் முழுவதுமாகப் போவதற்கு முன்.

“உன் தொண்டைக்கு ஊரே எழுந்து வந்துடும், எனக்குக் கேக்காதா?” என்று சிரித்தாள் சின்னு.

அந்த வாரம் பதிவு செய்ததுதான் அக்காவின் குரல். கை கால் வராமல் போன பிறகு, கன்னத்துக்கு அடியில் வைத்த சிவப்புப் பொத்தானை அவள் அழுத்தினால், மடிக்கணினி சொல்லும்: “சின்னு, இங்க வா.” பொத்தானோடு வந்த பழைய மென்பொருள் மடிக்கணினியில் இருந்த லினக்ஸில் ஓடவில்லை. கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஒரு விர்ச்சுவல் மெஷினை அமைத்து, அதில் ஓடவிட்டாள் சின்னு. முதலில், செருகிய கருவிகளைக் காட்டும் யுஎஸ்பி பட்டியல் காலியாகவே கிடந்தது. கருவிகளைத் தொட அனுமதி உள்ள பயனர் குழுவில் தன் கணக்கைச் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்ளே வந்த பிறகுதான் பொத்தானின் பெயர் தெரிந்தது. அதன் பக்கத்தில் டிக் இருந்தால் அக்கா கூப்பிடுவது கேட்கும். டிக்கை எடுத்துவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் போய்ச் சேராது.

ஒரு மத்தியானம் கண் எரிந்தது. கொஞ்ச நேரம் தூங்கலாமென்று சின்னு டிக்கை எடுத்தாள். எழுந்து வந்து பார்த்தபோது, அக்காவின் கன்னம் பொத்தான் மேல் அழுந்தியபடி சில்லிட்டிருந்தது.

“மெஷின் கெட்டுப்போச்சும்மா” என்றாள். அம்மா நம்பினாள்.

இப்போது அதை வேறொரு நோயாளிக்குக் கொடுக்கப் போகிறார்கள். “என்ன கோளாறுன்னு பார்த்துச் சரி பண்ணு. இன்னொரு வீட்ல இப்படி ஆகக் கூடாதுடி” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.

இல்லாத கோளாறை எங்கே போய்ச் சரிசெய்வது?

ஜன்னல் திரை இழுத்துவிட்ட அறையில், எத்தனை முறை துடைத்தும் போகாத தைல வாடைக்கு நடுவே, மெத்தையின் பிளாஸ்டிக் உறை யாரோ புரண்டு படுத்ததுபோல் மொறுமொறுப்பதைக் கேட்காததுபோல் இருந்துகொண்டு, சின்னு உள்கணினியைத் திறந்தாள். பட்டியலில் பொத்தானின் பெயர் இருந்தது. பக்கத்தில், அன்று அவள் எடுத்துவிட்ட டிக்.

பொத்தான் மேசைமேல் கிடந்தது. அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் தொங்கியது.

“சின்னு, இங்க வா.”

சின்னு ஒயரின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

“சின்னு, இங்க வா.”

அன்று வந்து சேராத அழைப்புகள். ஒவ்வொன்றாக.

“சின்னு, இங்க வா.”

ஈரக் கையோடு அம்மா வாசலில் வந்து நின்றாள். “அவ குரல்…”

சின்னுவின் விரல் அவளைக் கேட்கவில்லை. பழகிய இடத்துக்குத் தானாகப் போனது. டிக்கை எடுத்தது. குரல் பாதியில் அறுந்தது.

அம்மா கணினித் திரையைப் பார்த்தாள். அந்த விரலைப் பார்த்தாள். அன்றைக்கும் இப்படித்தானா என்று கேட்கவில்லை.

மேசைமேல் பொத்தான் மெல்ல உள்ளே அழுந்தியது. ஒரு கன்னத்தின் பாரம். அழுந்தியது எழவில்லை.

அம்மா அதையும் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.