ஆறாத கண்ணாடி

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் கிடந்த டிபன் டப்பாவைத் திறந்து தொட்டபோது, உள்ளே இருந்த கண்ணாடித் துண்டு சுட்டது. சாஜிதா கையை உதறிக்கொண்டாள். பக்கத்தில் பால் பாக்கெட் சில்லென்றுதான் இருந்தது.

கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே அவள் பொறுக்கியது அது. திண்டிவனத்தில் அவள் நிலவியல் பாடம் நடத்தும் கல்லூரியில் அதன் சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, உள்ளே எளிதில் உருகாத சிர்கான் என்ற கனிம மணிகளே வெந்து சிதைந்திருந்தன. எரிமலைக்குக்கூட அந்தச் சூடு கிடையாது. என்றோ வானத்திலிருந்து விழுந்த ஒன்று, மண்ணைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உருக்கியிருக்கிறது.

துறைத்தலைவரிடம் அவள் காட்டவில்லை. போன கட்டுரையில் அவள் பெயரையே எடுத்துவிட்ட மனுஷர். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று இருப்பவரிடம் இதையும் தூக்கிக் கொடுப்பதா?

சவூதியில், தம்மாமிலிருந்து கணவன் முஜிபுர் ரஹ்மான் போனில் கெஞ்சினான். "கொழந்த இருக்குற வூட்ல அத வெச்சிக்கினு இருக்காத. காலேஜ்லயே குடுத்துடு."

"குடுத்தா என் பேரு இருக்காதுங்க," என்றாள்.

கல்லை நக்கிப் பார்ப்பது கல் படித்தவர்களின் பழக்கம். எச்சில் பட்டால் மணிகள் பளிச்சென்று தெரியும். அம்மா அப்படிச் செய்வதை நாலு வயது ஹுமைரா எத்தனையோ தரம் வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு சாஜிதா இறங்கி வந்தபோது, வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கடகடவென்று கேட்டுக்கொண்டிருந்தது; கூடவே, காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழுந்த வாசனையும், அதற்கடியில் ஏதோ தீய்ந்த நாற்றமும். டப்பா மேசையில் திறந்து கிடந்தது. துண்டு ஈரமாக இருந்தது.

தொட்டாள். சில்லென்றிருந்தது.

மின்விசிறிக்குக் கீழே, பாயில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள் ஹுமைரா.

"நானும் நக்கிப் பாத்தேம்மா."

குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போலிருந்தது. சாஜிதா குழந்தையின் தோளைத் தொட்டாள். வழுவழுப்பு. கொதிக்கும் சூடு. தோளுக்குள் பார்வை போனது. கீழே பாயின் கோரை தெரிந்தது.

கொதிக்கும் கண்ணாடியில் குளிர்காற்று பட்டால் விரிசல் விடும். அது அவளுக்குத் தெரியும். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் நிற்கவில்லை. சுற்றின. இன்னும் சுற்றின.

டிக்.

ஹுமைராவின் கழுத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று முதுகில் இறங்கியது.

"கூசுதும்மா," என்று சிரித்தாள் குழந்தை.