முடிச்சு அவிழாத கயிறு

நவீனின் கையிலிருந்த தாயத்துக் கயிறு கழன்று பாயில் கிடந்தது. அதைப் பார்த்ததும் அம்மா கல்பனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கோயிலில் மந்திரித்து, தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய கறுப்புக் கயிறு அது. அதைக் கையால் அவிழ்க்கக் கூடாது. தானாகவே நைந்து விழுந்தால் பிள்ளையைப் பிடித்த நோய் விலகிவிட்டது என்று அந்த வீட்டில் நம்பினார்கள்.

நவீனுக்கு இரண்டு வயது. மழைக்காலம் முழுக்கக் காய்ச்சலும் பேதியுமாகக் கிடந்தான். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் அவன் ஓடுவதில்லை, அடம்பிடித்து அழுவதுமில்லை. சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே இருந்தான்.

அம்மா சாமையில் பொங்கல் வைக்க அடுப்பை மூட்டினாள். கயிற்றைச் சாமி மாடத்து ஆணியில் மாட்டச் சொல்லி, மகள் இளவரசியிடம் கொடுத்தாள்.

இளவரசி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். அதனால் அப்பா அவளை "இன்ஸ்பெக்டரம்மா" என்று கேலி செய்வார். இன்றும் பார்த்தாள். கயிறு கொஞ்சமும் நையவில்லை, முடிச்சும் அப்படியே இருந்தது. பிறகு எப்படிக் கழன்றது?

ஆணியில் ஏற்கெனவே ஒரு கயிறு தொங்கியது. அது அவளுடைய தங்கை சங்கரியின் கயிறு. நவீன் பிறப்பதற்கு முன்பு சங்கரியும் இப்படித்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கயிறும் தானாகவே கழன்றது. அன்றும் அம்மா பொங்கல் வைத்தாள், எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். சில நாட்களில் அவளை மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சங்கரி திரும்பி வரவில்லை. முன்பே கொண்டுவந்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். அம்மாவோ அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே நடுங்கினாள்.

இளவரசி சங்கரியின் கயிற்றை எடுத்துத் தூசியைத் துடைத்தாள். அதிலும் முடிச்சு அவிழவில்லை.

இரண்டு கயிறுகளையும் எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

"அம்மா, தம்பிக்கு இதக் கட்டுனப்போ உன் சுண்டுவிரல்கூட உள்ள போகல. ரொம்ப இறுக்கமா இருக்குன்னு அப்பா சத்தம் போட்டாரே, நெனப்பு இருக்கா?"

"அதுக்கு இன்னாடி இப்போ?"

இளவரசி சுவரோரம் இருந்த நவீனின் கையைத் தூக்கி, அவன் கயிற்றைத் தோள்வரை ஏற்றினாள். கையை விட்டதும் அது நழுவி அவன் மடியில் விழுந்தது. அவன் அதை எடுத்து விளையாடக்கூட இல்லை.

"கயிறு அறுந்து வுழலம்மா. தம்பி கைதான் இளைச்சுப்போச்சு. சங்கரி கயிறும் இப்டித்தான் இருக்குது, பாரு."

அம்மா சங்கரியின் கயிற்றை வாங்கினாள். எங்காவது அறுந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிச் சுற்றித் தேடினாள். பிறகு அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். அடுப்பில் பொங்கல் அடிப்பிடித்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் அம்மா நவீனைத் தூக்கிக்கொள்ள, மூவரும் அங்கன்வாடிக்குப் போனார்கள். அளந்தால் கண் பட்டுவிடும் என்று அம்மா அவனை அங்கே கொண்டுபோய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஜெயசுதா டீச்சர் கைச் சுற்றளவை அளக்கும், சிவப்பு, மஞ்சள், பச்சை நிறமுள்ள டேப்பை எடுத்தார். அதன் நுனியில் பல் பதிந்த தடம் இருந்தது. போன தடவை அளந்தபோது நவீன் கடித்து வைத்தது. இன்று அவன் பேசாமல் கையை நீட்டினான்.

டேப் ஆபத்தைக் காட்டும் சிவப்பில் நின்றது.

சாப்பாடு பற்றாதபோது உடம்பு தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பையும் சதையையும் எடுத்துச் செலவழிக்கும், அதனால்தான் கை இப்படி மெலிகிறது என்றார் டீச்சர். உடனே கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தேற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

"சங்கரியத் தூக்கினு போயி வெறுங்கையோட வந்தேன், டீச்சர்," என்றாள் அம்மா.

இளவரசி அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். "அப்போ பொங்கல் சாப்ட்டு, நாளு போனப்புறம்தான் போனோம். இன்னிக்குப் பொங்கல அடுப்புலயே வுட்டுட்டு வந்துட்டோம்மா."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு கீழே போகும் ஜீப் எப்போது வரும் என்று டீச்சரிடம் கேட்டாள்.

ஜீப்பில் ஏறும்போது நவீனின் கயிற்றை இளவரசி அம்மாவின் கையில் வைத்து மூடினாள். தினமும் போட்டுப் பார்க்க வேண்டும், நழுவாமல் நின்றால் சொல்ல வேண்டும் என்றாள். ஜீப் மறைந்த பிறகுதான் அழுதாள்.

அதன் பிறகு வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அப்பா அவளை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிடுவதையே மறந்துவிட்டார். இருவரும் தினமும் பாறைமேட்டில் ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அம்மாவிடம் பேசினார்கள். கயிறு இன்றும் நழுவியது என்றே அம்மா சொல்லிவந்தாள்.

ஒருநாள் அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"இன்னிக்குக் கயிறு நின்னுச்சு, அரசி. நர்சம்மா அளக்க வந்தாங்க. உன் தம்பி டேப்பக் கடிச்சுட்டான்."

இளவரசி சிரித்தாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சாமி மாடத்துக்குப் போனாள். ஆணியில் சங்கரியின் கயிறு மட்டும் தொங்கியது. அதை விரலால் தடவினாள்.

"தம்பி டேப்பக் கடிச்சுட்டானாம்டி," என்று அதனிடம் மெல்லச் சொன்னாள்.